ஆசை பெற்ற காதலும் காதல் பெற்ற ஆசையும்

சில வருஷங்களுக்கு முன்னால் புனேயிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது 'டான் குவிக்ஸாட்' படிக்க ஆரம்பித்தேன். ஆங்கில மொழிபெயர்ப்புதான். குண்டு புத்தகம், குல்பர்கா தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். முன்னுரையிலேயே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். புத்தகத்துக்கு முன்னுரை எழுதத் தெரியாமல் முழிக்கும் செர்வாண்டெஸுக்கு ஒரு நண்பர் வந்து குறுக்குவழி சொல்லித் தருகிறார். திருடனைப் பற்றி எழுதினால் இவரைப் பிடி, சூனியக்காரியைப் பற்றி எழுதினால் அவரைப் பிடி என்று பட்டியல் போகிறது. காதலைப் பற்றி எழுதுவதாக இருந்தால்? கொஞ்சம் இத்தாலியன் தெரிந்தால் போதும், லியோன் எப்ரேயோவிடம் போ, வேண்டிய அளவுக்கு அள்ளித் தருவார் என்கிறார் நண்பர்.

எப்ரேயோ என்றால் எபிரேயர், அதாவது யூதர். 1605-ல் வெளியான ஸ்பானியப் புத்தகம் அது. 1492-லேயே யூதர்கள் அத்தனை பேரையும் ஸ்பெயின் நாட்டைவிட்டு விரட்டியாயிற்று. அப்புறம் எப்படி அந்த நாட்டு எழுத்தாளர் ஒருவர், காதலுக்கு அதாரிட்டி என்று ஒரு யூதரைக் கை காட்டுகிறார்? இந்தக் கேள்வி வாடி தாண்டியும் போகவில்லை, ரேணிகுண்டா தாண்டியும் போகவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

அவருடைய உண்மையான பெயர் யூதா அப்ரவனேல். யூதா கோத்திரத்துக்குச் சிங்கம் அடையாளம் என்பதால் இத்தாலியனில் லியோனே, சிங்கம். 1460-களில் லிஸ்பனில் பிறந்தவர். அப்பா ஈசாக் அப்ரவனேல் சாதாரண ஆள் இல்லை. போர்ச்சுகல் ராஜா ஐந்தாம் அஃபோன்ஸோவுக்குப் பொருளாதார விஷயங்களைப் பார்த்துக்கொண்டவர். ராத்திரி வீட்டுக்கு வந்து பைபிளுக்கு உரை எழுதுவார். அந்த உரைகளை யூதர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். மகன் யூதா தத்துவம் படித்தார், வைத்தியம் படித்தார். தொழில் வைத்தியம்.

1481-ல் ராஜா இறந்துபோக, மகன் இரண்டாம் ஜுவான் பட்டத்துக்கு வந்தார். 1483-ல் பிரகான்ஸா பிரபு சதி செய்தார் என்று தலையை வெட்டினார்கள். அந்தச் சதியில் ஈசாக்குக்கும் பங்கு உண்டு என்று குற்றச்சாட்டு. தகவல் முன்கூட்டியே கிடைத்ததால் ஈசாக் எல்லை தாண்டி காஸ்டிலுக்குத் தப்பினார். சொத்து பூராவும் பறிமுதல். குடும்பமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. முதல் இடப்பெயர்ச்சி.

திறமை உள்ளவர்களுக்கு எங்கே போனாலும் வேலை கிடைத்துவிடுகிறது (நமக்குத் தெரியாததா!). அடுத்த வருஷமே ஈசாக், ஃபெர்டினாண்டு - இசபெல்லா தம்பதியின் நிதி விவகாரங்களில் இறங்கிவிட்டார். யூதா அரண்மனை வட்டாரத்தில் வைத்தியராக நல்ல பெயர் எடுத்தார். கல்யாணம் ஆயிற்று. 1491 வாக்கில் ஒரு ஆண் குழந்தை. தாத்தா பெயரையே வைத்தார்கள், ஈசாக்.

1492 மார்ச் 31. கிரனடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் அந்த ஆணை கையெழுத்தாகிறது. ஜூலை முடிவதற்குள் யூதர்கள் எல்லோரும் ஞானஸ்நானம் வாங்க வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். போகிறவர்கள் தங்கம், வெள்ளி, நாணயம் எதையும் எடுத்துப் போகக்கூடாது. ராஜாவிடம் மூன்று தடவை மன்றாடியதாக பெரியவர் ஈசாக்கே எழுதிவைத்திருக்கிறார். ஒன்றும் பலிக்கவில்லை. ஆகஸ்ட் 3-ம் தேதி கொலம்பஸ் கப்பல் ஏறினார் என்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அந்தக் கோடையில் ஸ்பெயினின் துறைமுகங்களில் வேறு யாரெல்லாம் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அப்ரவனேல் குடும்பத்தை அப்படிச் சுலபமாக அனுப்ப மனசில்லை. முக்கியமாக அந்த வைத்தியரை. குழந்தையைப் பிடித்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் அப்பன் எங்கே போவான்? இதுதான் திட்டம். விஷயம் யூதாவின் காதுக்கு எட்டியது. ஒரு வயசுக் குழந்தையைப் பால் கொடுக்கும் தாதியோடு ராத்திரியோடு ராத்திரியாக போர்ச்சுகலுக்கு அனுப்பிவிட்டார். அவசரத்தில் எடுத்த முடிவு. ஆனால் போர்ச்சுகலில் இருந்த ராஜா யார்? அதே இரண்டாம் ஜுவான். ஈசாக்கின் பேரன் கையில் கிடைத்தால் விடுவாரா? பிடித்து வைத்துக்கொண்டார். அப்பாவும் அம்மாவும் தாத்தாவும் இத்தாலிக்குக் கப்பலில் போனார்கள். குழந்தை லிஸ்பனில்.

1497-ல், அடுத்த ராஜா மனுவேல் காலத்தில், போர்ச்சுகலில் இருந்த யூதக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் செய்தார்கள். சின்ன ஈசாக்கும் அதில் ஒருவன். அப்போது அவனுக்கு ஆறு வயசு இருக்கும்.

இத்தாலியிலும் நிம்மதி இல்லை. நேபிள்ஸ் ராஜா இடம் கொடுத்தார், பெரியவருக்கு மறுபடியும் அரண்மனை வேலை. 1495-ல் பிரெஞ்சுப் படை நேபிள்ஸைப் பிடித்தது. வீடு சூறை, சேர்த்துவைத்த புத்தகங்கள் சூறை. பெரியவர் ஈசாக், ராஜாவோடு சிசிலிக்கு ஓடி, அங்கிருந்து கோர்ஃபு தீவு, பிறகு மோனோபொலி, கடைசியில் வெனிஸ் என்று அலைந்து 1508-ல் வெனிஸில் இறந்தார். யூதா கொஞ்ச காலம் ஜெனோவாவில் வைத்தியம் பார்த்தார். பிறகு நேபிள்ஸுக்கே திரும்பி ஸ்பானிய வைஸ்ராய் கோன்ஸாலோ தெ கோர்தோபாவுக்கு வைத்தியரானார். ஆமாம், துரத்திவிட்ட அதே ராஜாவின் தளபதிக்குத்தான்! அந்த நாளில் வைத்தியர்களுக்கு எதிரி வீடு, நண்பர் வீடு என்று பார்க்க வசதி இல்லை.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் மனிதர் காதலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பெயர் 'தியாலோகி தமோரே'. காதல் பற்றிய உரையாடல்கள். புத்தகத்துக்குள்ளேயே ஒரு இடத்தில் யூதக் கணக்குப்படி உலகம் தோன்றி 5262-ம் வருஷம் என்று குறிப்பு வருகிறது. நம் கணக்கில் 1502.

அந்தக் காலத்து இத்தாலியில் காதல் தத்துவம் என்பது பெரிய ஃபேஷன். ஃபிளாரன்ஸில் மார்சிலியோ ஃபிச்சினோ, பிளேட்டோவின் 'விருந்து' உரையாடலுக்கு எழுதிய விளக்கம் 1484-ல் அச்சாகியிருந்தது. பீக்கோ தெல்லா மிராந்தொலா என்ற இளம் மேதை யூத அறிஞர்களிடம் ஹீப்ரு கற்றுக்கொண்டிருந்தார். அப்படிக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவரான யோஹனான் அலெமானோ, 'உன்னதப்பாட்டு'க்குத் தத்துவ உரை எழுதினார். பிளேட்டோவின் காதலும் சாலமன் ராஜாவின் காதலும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசிய காலம் அது.

யூதாவின் புத்தகத்தில் இரண்டே பாத்திரங்கள். ஃபிலோ, சோஃபியா. இரண்டு பெயரையும் சேர்த்துப் படித்தால் 'ஃபிலோசோஃபியா', அதாவது தத்துவம். ஃபிலோ சோஃபியாவைக் காதலிக்கிறான். சோஃபியாவுக்கு அவன் காதல் முக்கியமில்லை, விளக்கம்தான் முக்கியம். அவன் நெருங்கி வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டு நிறுத்திவைக்கிறாள். மூன்றாவது உரையாடலின் ஆரம்பத்தில் ஒரு வேடிக்கை. சோஃபியா கூப்பிடுகிறாள், ஃபிலோ கவனிக்காமல் போகிறான். ஏன் என்று கேட்டால், உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உன்னைப் பார்க்கவில்லை என்கிறான். இதை நான் வீட்டில் ஒருமுறை முயற்சி செய்தேன். வேலைக்கு ஆகவில்லை.

முதல் சண்டை ஆசைக்கும் காதலுக்கும். உன்னை அறிந்ததால் காதலும் ஆசையும் சேர்ந்து வந்தன என்று ஃபிலோ சொல்ல, சோஃபியா மடக்குகிறாள். ரெண்டும் எப்படிச் சேர்ந்து வரும்? இல்லாததன் மேல் வருவது ஆசை, இருப்பதன் மேல் வருவது காதல், இல்லையா?

ஃபிலோ பொறுமையாகப் பிரிக்கிறான். இந்த இடத்தில் அவன் கையில் இருப்பது அரிஸ்டாட்டில். மனிதன் விரும்பும் பொருள்கள் மூன்று வகை. முதலாவது பயனுள்ளவை, பணம் மாதிரி. இல்லாதபோது ஆசை, கிடைத்தபின் ஆசை போய் பிடிப்பு வருகிறது. இரண்டாவது சுகம் தருபவை, சாப்பாடு மாதிரி. பசிக்கும்போது ஆசையும் உண்டு, பிரியமும் உண்டு. வயிறு நிறைந்ததும் ரெண்டும் காணாமல் போய்விடுகிறது. மூன்றாவது மேன்மையானவை, அறிவும் நற்குணமும். இங்கே மட்டும் கிடைக்கக் கிடைக்க ஆசை கூடுகிறது, காதலும் கூடுகிறது. அளவு மீறினால் தப்பு என்ற பேச்சும் இங்கே இல்லை.

அப்படியானால் நீ என்மேல் வைத்திருப்பது எந்த வகை என்று சோஃபியா விடாமல் கேட்கிறாள். கேட்கத்தானே செய்வாள்! அதற்கு ஃபிலோ சொல்லும் பதில்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. காதலில் இரண்டு உண்டு. ஒன்று, ஆசைக்குப் பிறந்த பிள்ளை. ஆசை தீர்ந்ததும் அந்தக் காதலும் தீர்ந்துவிடும். இன்னொன்று, ஆசையைப் பெற்ற தகப்பன். ஒருவரை அறிந்து, அவரில் இருக்கும் நல்லதைக் கண்டு முதலில் காதல் வருகிறது, அதிலிருந்து ஆசை பிறக்கிறது. பிள்ளை போனாலும் தகப்பன் இருப்பான். சேர்ந்து வாழ்ந்து, ஆசையெல்லாம் நிறைவேறிய பிறகும் அந்தக் காதல் குறையாது.

இரண்டாவது உரையாடல் பிரபஞ்சம் பூராவையும் சுற்றி வருகிறது. கல் பூமியை நோக்கி விழுவதும், செடி வேர் விடுவதும், மிருகம் குட்டியைக் காப்பதும், கோள்கள் சுற்றுவதும் எல்லாமே காதல்தான். கிரேக்கப் புராணக் கதைகளை எடுத்துப் பிரித்து, உள்ளே என்ன தத்துவம் என்று காட்டுகிறார். இன்றைய விஞ்ஞானத்துக்கு ஒத்துவராது. ஆனால் படிக்கச் சுவாரசியம்.

மூன்றாவதில்தான் வெடிகுண்டு. சோஃபியா கேட்கிறாள்: காதல் என்றால் ஏதோ ஒரு குறை இருக்க வேண்டும், குறை உள்ளவன்தான் விரும்புவான். பிளேட்டோவும் அப்படித்தான் சொல்கிறார். கடவுளுக்கு எந்தக் குறையும் இல்லை. அப்படியானால் கடவுள் எப்படிக் காதலிக்க முடியும்?

இது லேசான கேள்வி இல்லை. அரிஸ்டாட்டிலின் கடவுள் எல்லாவற்றையும் அசைக்கிறார், ஆனால் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. உலகம்தான் அவரை நோக்கி ஏங்குகிறது. யூதர்களிலேயே பெரிய தத்துவ ஆசிரியரான மைமோனிடஸ் (1204-ல் இறந்தவர்), அறிவு எவ்வளவோ அவ்வளவுதான் மனிதன் கடவுள்மேல் வைக்கும் அன்பும் என்றார். ஸ்பெயினில் வாழ்ந்த ஹஸ்தாய் கிரெஸ்காஸ் அதை எதிர்த்து, புத்தியைவிட அன்பே பெரிது என்று 1410-ல் முடித்த நூலில் வாதாடினார். கிரெஸ்காஸின் ஒரே மகன் 1391 கலவரத்தில் பார்சிலோனாவில் கொல்லப்பட்டான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இப்போது யூதாவின் பதில். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நேசிக்கும்போது, அவர் விரும்புவது தனக்கு இல்லாததை இல்லை. நேசிக்கப்படுகிறவரிடம் இல்லாததைத்தான். தகப்பன் பிள்ளையை நேசிக்கிறான், ஆசிரியர் மாணவனை நேசிக்கிறார். பிள்ளையிடமிருந்து தகப்பனுக்கு எதுவும் வர வேண்டியதில்லை. பிள்ளையின் குறை தீர வேண்டும், அவன் நிறைவடைய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அந்தக் குறை பிள்ளையிடம் இருக்கிறவரை, அதன் நிழல் தகப்பன்மேல் விழுந்தபடி இருக்கும். கடவுளும் அப்படியே. குறை படைப்பில் இருக்கிறது, கடவுளிடம் இல்லை. அந்தக் குறை தீரத்தான் அவர் விரும்புகிறார். அதுவே காதல்.

இதிலிருந்து ஒரு வட்டம் வரைகிறார். கடவுளிடமிருந்து அன்பு படிப்படியாக இறங்கி, உருவமே இல்லாத ஆதிப்பொருள் வரைக்கும் வருகிறது. அங்கிருந்து மூலகங்கள், தாவரம், மிருகம், மனிதன் என்று ஏறி மறுபடியும் கடவுளிடமே போய்ச் சேருகிறது. பாதி வட்டம் கொடுக்கும் அன்பு, பாதி வட்டம் ஏங்கும் அன்பு. ஃபிச்சினோவிடமும் இறங்கி ஏறும் வட்டம் உண்டு. ஆனால் கீழே இறங்கும் அந்தப் பாதியை, மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்காகப் படும் கவலையை, இவ்வளவு பிடிவாதமாக வாதாடி நிலைநாட்டியவர் இவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1503-ல் யூதா ஹீப்ருவில் ஒரு கவிதை எழுதினார். 'காலத்தின்மேல் ஒரு புகார்' என்று அதற்குப் பெயர். லிஸ்பனில் பன்னிரண்டு வயசுப் பையனாக, வேறு பெயரில், வேறு மதத்தில் வளர்ந்துகொண்டிருந்த மகனுக்கு எழுதியது. குழந்தையை அனுப்பிய ராத்திரிக் கதையெல்லாம் நமக்கு அந்தக் கவிதை மூலமாகத்தான் தெரியும். காலம் என்னைக் குறிவைத்து அடிக்கிறது, தூக்கம் வரவில்லை, உன் முகம் கண்ணிலேயே நிற்கிறது என்றெல்லாம் புலம்பிவிட்டு, கடைசியில் அப்பாக்களுக்கே உரிய புத்திமதிக்கு வந்துவிடுகிறார். நீ யார் பிள்ளை என்று மறந்துவிடாதே. ஹீப்ரு படி. நம் நூல்களைப் படி. நான் படித்ததெல்லாம் உனக்காகத்தான் சேர்ந்து கிடக்கிறது என்கிறார்.

இப்போது வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காதல் புத்தகத்தில் குறிப்பு 1502. கவிதை 1503. மேலே இருப்பவன் கீழே இருப்பவனை நேசிப்பது எப்படி என்று விளக்க, உதாரணம் தேடி அவர் எங்கேயும் போயிருக்க வேண்டாம். எழுதும்போது மகனை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பத்து வருஷமாகப் பார்க்காத பிள்ளையின் தகப்பன், தகப்பன் என்ற வார்த்தையைச் சும்மா எழுதியிருப்பார் என்றும் என்னால் நம்ப முடியவில்லை.

1520-களின் தொடக்கத்தோடு யூதாவைப் பற்றிய ஆவணங்கள் நின்றுவிடுகின்றன. புத்தகம் அச்சானது 1535-ல், ரோமில், மரியானோ லென்ஸி என்பவரின் முயற்சியில். அச்சில் பார்க்க ஆசிரியர் இல்லை. மூன்றாவது உரையாடலின் முடிவில் காதலின் விளைவுகளை இன்னொரு நாள் பேசுவோம் என்று ஃபிலோ சொல்கிறான். அந்த நான்காவது உரையாடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. 1541-ல் வெனிஸில் வந்த பதிப்பின் அட்டையில் ஆசிரியர் யூதர், பிறகு கிறிஸ்தவர் ஆனவர் என்று போட்டார்கள். முதல் பதிப்பில் அப்படி எதுவும் கிடையாது. புத்தகத்துக்குள்ளே ஃபிலோ, மோசேயின் சட்டத்தை நம்புகிறவனாகத்தான் பேசுகிறான். மகனுக்குச் செய்ததை அப்பாவுக்கும் அட்டையிலே செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

1551-ல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. 1564-ல் லத்தீன். 1568-ல் ஸ்பானிஷ். 1590-ல் மாட்ரிட்டில் இன்னொரு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு, அதன் தலைப்பிலேயே 'இந்தியன் செய்த மொழிபெயர்ப்பு' என்று இருக்கிறது. உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம், நம்மவர் இல்லை. பெருவில் குஸ்கோவில், இன்கா அரச குலத்து அம்மாவுக்கும் ஸ்பானிய அப்பாவுக்கும் 1539-ல் பிறந்த கார்ஸிலாஸோ தெ லா வேகா. அவரும் பிறந்த ஊரைவிட்டு வந்தவர்தான். அதை அவர் சமர்ப்பணம் செய்தது இரண்டாம் ஃபிலிப் ராஜாவுக்கு. ஃபெர்டினாண்டு - இசபெல்லாவின் கொள்ளுப்பேரன்! அந்த மொழிபெயர்ப்பை மதவிசாரணை மன்றம் தடை செய்தது. இருந்தும் என்ன, 1605-ல் செர்வாண்டெஸ் அந்தப் பெயரை எழுதத்தான் செய்தார். ஆம்ஸ்டர்டாம் யூதக் குடும்பத்தில் பிறந்த ஸ்பினோஸா 1677-ல் இறந்தபோது, அவரது சின்ன நூலகத்திலும் இந்தப் புத்தகத்தின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு இருந்தது.

அவர் கதையை நம் கதையோடு ஒப்பிடும் அசட்டுத்தனத்தை நான் செய்ய மாட்டேன். நம்மை யாரும் துரத்தவில்லை. சம்பளத்துக்காக வந்தோம், பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதுதான் நம் பெரிய துயரம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்து அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். அவருக்குப் பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, என்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா, பையன் தமிழ் எழுதுகிறானா, உடம்பு எப்படி இருக்கிறது. இதே மூன்று கேள்வி. ஒரு குறையும் இல்லாத மனுஷர் எதற்கு இப்படி வாராவாரம் கவலைப்படுகிறார் என்று எரிச்சலாகக்கூட இருக்கும். மூன்றாவது உரையாடலைப் படித்த அன்றைக்குத்தான் புரிந்தது. குறை அவரிடம் இல்லை, என்னிடம். அதன் நிழல்தான் அங்கே விழுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. நானே போன் செய்தேன். "என்னடா, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று பதறிவிட்டார்.